எல்லா நாளும் மார்ச் பதினொன்று

"நான் ஒண்டும் செய்யேல்லை" என்ற சொல்லைக் கேட்டாலே கிளெமென்றுக்கு உச்சந்தலை கொதிக்கும். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை அவன் கொம்பியூட்டர் திருத்தப் போன வீடுகளில், ஒரு வீட்டிலாவது ஒரு மனிதராவது "ஓம் தம்பி, நான்தான் கெடுத்தனான்" என்று சொன்னது கிடையாது. இடத்தை அடைக்கிறதென்று விண்டோஸின் கோப்புகளை அள்ளித் துடைத்த புறக்கோட்டை முதலாளி ஒன்றும் செய்யவில்லை. போன மாதம் "உன்னைக் காதலிக்கிறேன்" என்று வந்த மின்னஞ்சலை ஆவலோடு திறந்து வைரசை வீட்டுக்குள் கூட்டிவந்த கிருலப்பனைக் கணக்காளர், மனைவி பக்கத்தில் நிற்க, சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் தானாகவே கெட்டது.

அதனால் வீட்டுக்குள் கால் வைத்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "என்னத்தைத் தொட்டனீங்கள்?" வணக்கம், சுகமா, ஒன்றும் கிடையாது. முப்பத்துமூன்று வயதில் இவ்வளவு முன்கோபம் ஆகாது என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் கை வேலைக்காரக் கை. வடக்கே குருநகரில் பிறந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் பழைய கொம்பியூட்டர்களைப் பிரித்துப் பிரித்துத் தானாகவே பழகியவன். அந்தக் கைக்காகச் சனம் அந்த வாயைப் பொறுத்துக்கொண்டது.

அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கே நேசமலரக்கா தொலைபேசியில் பிடித்துவிட்டார்.

"உடன வாரும்."

"என்னக்கா பிரச்சினை?"

"திகதி பிழை."

திகதி! மனிதன் தேத்தண்ணி குடிக்க முதல் கூப்பிடுகிற விசயமா இது? பஸ் வழியில் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அவனுடைய பையைக் கொட்டி, பன்னிரண்டு பிளாப்பிகளையும் ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான் ஒரு சிப்பாய், உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும் என்பது போல. திருப்புளி எதற்கு, இந்த வயர் எதற்கு, அடையாள அட்டையில் குருநகர் என்று ஏன் இருக்கிறது. பிறந்த ஊரை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டால் ஒரு மனிதன் என்ன சொல்வான்? பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னான். அங்கே விழுங்கிய கோபத்தையெல்லாம் வெள்ளவத்தை வரை பத்திரமாகக் கொண்டுவந்தான்.

நேசமலர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வயது ஐம்பத்தொன்பது, கணவர் இல்லை. கடலுக்குப் போகிற ஒழுங்கையொன்றில் நாலு மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி. கனடாவிலிருக்கிற மகள்மார் அம்மாவோடு மின்னஞ்சலில் கதைக்கவென்று வாங்கிக் கொடுத்த கொம்பியூட்டர், நாளடைவில் அந்தக் கட்டடத்துக்கே எழுதுவினைஞர் ஆகிவிட்டது. வடக்கிலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிசில் பதிய வேண்டும். பதிய வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும்: இன்னார், அடையாள அட்டை இலக்கம் இது, இன்ன திகதியிலிருந்து என் வீட்டில் தங்கியிருக்கிறார். அந்தக் கடிதங்களை நாலு மாடிக்கும் அக்காதான் தட்டிக் கொடுப்பார். ஒரு சதம் வாங்கமாட்டார்.

கதவைத் திறந்தவரின் கண்கள் வீங்கியிருந்தன. அதைக் கவனிக்கிற பொறுமை கிளெமென்றிடம் இல்லை.

"என்னக்கா, என்னத்தைத் தொட்டனீங்கள்?"

அவ்வளவுதான். அக்கா மேசையில் இருந்த ஒரு போட்டோக்கொப்பியை எடுத்து அவன் நெஞ்சில் அறையாத குறையாக நீட்டினார்.

"வாசியும். சத்தமா வாசியும்."

ஆங்கிலக் கடிதம். என் தம்பியாகிய வரதராசா கடந்த ஜூன் 2ஆம் திகதி தொடக்கம் என்னுடன் தங்கியிருக்கிறார் என்பதை உறுதிப்படுத்துகிறேன். கீழே அக்காவின் கையெழுத்து, அதனருகே பொலிஸ் சீல்: ஜூன் 5. மேலே வலது மூலையில் திகதி: மார்ச் 11, 2000.

"ஜூனில வந்தவருக்கு மார்ச்சில கடிதமோ?" என்றான் கிளெமென்ற். சிரிப்புக்கூட வந்தது.

"அதைத்தான் இன்ஸ்பெக்டரும் கேக்கிறான்" என்றார் அக்கா. "வரதன் ஆர் எண்டு தெரியுமெல்லே? கரவெட்டியில கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். பித்தப்பையில கல்லெண்டு ஒப்பரேசனுக்குக் கப்பலேறி வந்தவன். திங்கட்கிழமை கட்டடம் முழுக்கச் செக் பண்ணினவங்கள். உந்தக் கடிதத்தைப் பாத்திட்டு அவனைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். ஒரு ஆள் வாறதுக்கு மூண்டு மாசம் முந்தியே கடிதம் எழுதி வைச்சிருக்கிறாய், ஆர் எழுதச் சொன்னது, ஏன் அனுப்பினவங்கள் எண்டு கேக்கிறான். உது மட்டுமில்லை. பழைய பைலை எடுத்துப் பாத்திருக்கிறாங்கள். இந்தக் கட்டடத்திலயிருந்து போன ஏழு கடிதத்திலயும் ஒரே திகதி. ஏழும் மார்ச் பதினொண்டு. ஒரே நாளில குந்தியிருந்து ஏழு பேருக்கு ஆயத்தம் செய்தனியோ எண்டு கேக்கிறான்!"

கிளெமென்றின் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"பதியேக்க அவங்கள் தங்கட சீல் குத்தி வாங்கினவங்கள்தானே? ஜூன் அஞ்செண்டு?"

"அதைச் சொல்லாமலோ இருப்பன்? சீல், கடிதம் வந்த நாளைத்தான் காட்டுமாம், எழுதின நாளைக் காட்டாதாம். முப்பத்தொரு வருசம் சீல் குத்தினவளுக்குச் சீல் படிப்பிக்கிறான்." குரல் உடைந்தது, உடைந்ததற்கும் சேர்த்து அக்காவுக்குக் கோபம் வந்தது. "இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு அவனை வேற இடத்துக்கு மாத்திறாங்களாம். அங்க போனவையை நான் கண்டிருக்கிறன். வருசக்கணக்கு. அவனுக்கு வயித்துக்குள்ள கல்லு. நாலு மணிக்கிடையில எனக்கு ஒரு மறுமொழி வேணும். ஏன் உந்த மெசின் பொய் சொன்னது?"

"நீங்கள் ஏதாவது…"

"நான் தொடேல்லை!" அக்கா மேசையில் அடித்தார். "காலமை தபால் கந்தோரைத் திறந்தா முதல் வேலை முத்திரையில திகதி மாத்திறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் பிழை விட்டதில்லை. இந்தச் சனியனில திகதி தானா விழும், நீங்கள் தட்டத் தேவையில்லை எண்டு சொன்னது நீர். நம்பினன்."

கடிதம் வாங்கிப் போன ஏழு குடும்பமும் அதைக் கவனிக்காதது ஏன் என்று யாரும் கேட்கலாம். அந்த நாட்களில் கடிதம் கையில் வந்தால் எல்லாரும் ஒன்பது இலக்க அடையாள அட்டை எண்ணை விரல் வைத்து விரல் வைத்து மூன்று தரம் சரிபார்ப்பார்கள். ஒரு இலக்கம் பிசகினால் உயிர்ச்சேதம். திகதியை யார் பார்த்தார்கள்? இன்று எழுதிய கடிதத்தில் இன்றைய திகதிதானே இருக்கும்.

கிளெமென்ற் கதிரையில் உட்கார்ந்தான். முதலில் கடிதத்தைத் திறந்தான். திகதி 11. அழித்துவிட்டுத் திரும்பப் போட்டான். மறுபடி 11. திரையின் மூலையில் மணி ஒன்பது பத்து, சுவர் மணிக்கூட்டோடு அச்சொட்டாகச் சரி. அந்த மூலையில் மணி மட்டும்தான் தெரியும். அதன்மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் திகதி காட்டும். நிறுத்தினான். சனிக்கிழமை, மார்ச் 11, 2000.

"கொம்பியூட்டரின்ர திகதியே மாறிக் கிடக்குது. ஆரோ எங்கயோ அமத்தியிருக்கினம்" என்றான். 'ஆரோ' என்று சொன்னது அக்காவுக்குப் பயந்து. மனதுக்குள் நீங்கள்தான் என்று சொல்லிக்கொண்டான். ஜூன் 21 என்று மாற்றினான். ஒரு நிமிட வேலை. பிறகு, எதைத் திருத்தினாலும் ஒருமுறை நிறுத்தி எழுப்பிப் பார்க்கிற வழக்கப்படி, நிறுத்தி எழுப்பினான்.

மார்ச் 11.

மறுபடி திருத்தினான். மறுபடி எழுப்பினான். மார்ச் 11. மூன்றாம் முறையும் அதே. கொம்பியூட்டருக்குள் இருக்கிற சின்னப் பற்றறி செத்துவிட்டதோ என்று யோசித்தான். பற்றறி செத்தால் மணியும் அல்லவா பிழைக்கும்? மணி சரியாக ஓடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு முறை கொம்பியூட்டர் விழிக்கும்போதும் யாரோ திகதியை மட்டும் பிடித்துத் திருப்புகிறார்கள்.

எழும்பியவுடன் கொம்பியூட்டர் முதலில் வாசிக்கிற கட்டளைக் கோப்பு ஒன்று உண்டு. வீட்டுக்காரர் யாரும் அதைத் திறப்பதில்லை. அப்படியொன்று இருப்பதே தெரியாது. கிளெமென்ற் திறந்தான். கடைசி வரியில், திகதியை மார்ச் 11 ஆக்கு என்ற கட்டளை இருந்தது. அதை எழுதியவன் யாரென்று பார்த்த கணமே தெரிந்துவிட்டது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

ஏப்ரல் நடுப்பகுதி. சென்னையில் யாரோ செய்த தமிழ் தட்டும் மென்பொருள், முப்பது நாள் இலவசம். நாள் முடிந்ததும் பூட்டிக்கொண்டது. அக்கா, மகளிடம் சொல்லிக் காசு கட்டி வாங்குவோம் என்றுதான் சொன்னார். இவன்தான் சிரித்தான். "சும்மா ஏனக்கா காசைக் கரியாக்கிறியள்? நான் ஒரு வெட்டு வெட்டிவிடுறன்." எழும்புகிற ஒவ்வொரு முறையும் கொம்பியூட்டரை அந்த முப்பது நாளுக்குள் ஏதோ ஒரு நாளுக்குத் தள்ளிவிட்டால் மென்பொருள் காலாகாலத்துக்கும் இளமையாக இருக்கும். ஏன் மார்ச் பதினொன்று? காரணமே இல்லை. விரல் போன போக்கில் தட்டிய திகதி. அந்த வரியை ஒரு பிளாப்பியிலும் போட்டு வைத்திருந்தான், வேறு வீடுகளுக்கும் உதவுமென்று. எத்தனை வீடு என்பதற்குக் கணக்கில்லை. கெட்டிக்காரன் என்று எல்லாரும் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

அதன் பிறகு இந்த வீட்டில் விடிந்ததெல்லாம் மார்ச் பதினொன்று.

அக்கா பின்னால் நின்றார். "என்ன தம்பி? கண்டுபிடிச்சிட்டீரோ?"

கிளெமென்ற் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். ஆனால் அவன் கண்ணுக்குள் தன் அடையாள அட்டையும் குருநகரும் வந்து நின்றன. ஏழு பேரின் பொலிஸ் கடிதத்தில் திகதியைத் திருப்பியவன் குருநகர்க்காரன். சும்மா வந்த வரதராசாவுக்கே இந்தக் கதியென்றால்? விரல் தானாகப் போய் அந்த வரியை அழித்தது. சேமித்தது. மூடியது.

"பற்றறி, அக்கா" என்றான். "உள்ளுக்கு ஒரு பற்றறி இருக்குது. அது செத்துப்போச்சு."

வருடம் முழுக்க ஊரார் சொல்லிய 'ஒன்றும் செய்யவில்லை'யை அவனே சொல்லி முடித்தான், வேறு சொல்லில். தன்மீது வந்த ஆத்திரத்தில் அவனுக்குக் கண் இருண்டது. அந்த ஆத்திரத்தையும் அக்காவின்மீதே திருப்பினான். "இதெல்லாம் முந்தியே சொல்லியிருக்க வேணும்" என்று அதட்டினான்.

அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. இரண்டு நாளாக வெளிறிக் கிடந்த முகம் தெளிந்தது. "பற்றறியோ! அப்ப மெசின் பிழை, ஆக்களின்ர பிழையில்லை. அதைத்தானே நான் தலைதலையா அடிச்சுச் சொன்னனான். கழட்டும் தம்பி அந்தப் பற்றறியை. வந்து நீரே சொல்லும். நான் சொன்னா நம்பமாட்டாங்கள், நீர் படிச்ச பிள்ளை."

வரமாட்டேன் என்று சொல்ல வாய் திறக்குமுன் அக்கா சீலை மாற்ற அறைக்குள் போய்விட்டார்.

காலி வீதியில் அவருக்குப் பின்னால் நடந்தபோது கிளெமென்ற் எல்லாரையும் வைதான். முப்பது நாள் வைத்த சென்னைக்காரனை வைதான். காசு கட்டுகிறேன் என்று பிடிவாதமாக நிற்காத அக்காவை வைதான். கல்லோடு கப்பலேறி வந்த வரதராசாவைக்கூட வைதான். வழியெல்லாம் வைது தீர்த்தும் மிஞ்சியவன் ஒருவன் இருந்தான். அவன் சட்டைப் பைக்குள் நல்ல உயிரோடு இருக்கிற பற்றறி ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்தான்.

பொலிஸ் நிலையத்தில் பேச்சு முழுவதும் சிங்களத்தில். அக்கா குருநாகலில் பதினாறு வருடம் கந்தோர் நடத்தியவர், தண்ணீர்பட்ட பாடு. கிளெமென்றுடையது தெருச் சிங்களம். இன்ஸ்பெக்டர் வயதான மனிதர், கதவடியில் மர வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருத்திவிட்டுத்தான் கூப்பிட்டார். கிளெமென்ற் பற்றறியை மேசையில் வைத்துச் சொன்னான். இன்ஸ்பெக்டர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். சதக் காசு மாதிரி ஒரு சாமான். இதற்காகவா இவ்வளவும் என்பது போல முகத்தைச் சுளித்தார். பிறகு உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டார்.

வந்தவர் ஒரு இளம் சப் இன்ஸ்பெக்டர். கொம்பியூட்டர் கோர்ஸ் செய்தவராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, உங்கள் மெசினில் மணி சரியாகக் காட்டியதா?"

"மணி சரிதான்" என்றார் அக்கா. "ஒரு நிமிடமும் பிசகாது."

கிளெமென்ற் கண்ணை மூடினான். பொய் சொல்லத் தெரியாத மனிதர்களோடு கூட்டுச் சேர்ந்து பொய் சொல்லக்கூடாது.

சப் இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "பற்றறி போனால் மணியும் போகும் சேர். இது பற்றறி இல்லை. வேண்டுமென்றே செய்தது."

இன்ஸ்பெக்டர் பைலை மூடிய விதத்தில் அறை மாறிவிட்டது. "உங்கள் வீட்டில் அந்த மெசினைத் தொடுகிறவர்கள் யார்?"

"என்னைத் தவிர ஒருவரும் இல்லை."

"யோசித்துச் சொல்லுங்கள்."

"யோசிக்க என்ன இருக்கு? தனியாக இருக்கிற பொம்பிளை. நான் மட்டும்தான்."

இன்ஸ்பெக்டர் பெண் பொலிஸ் ஒருத்தியைக் கூப்பிட்டார். இந்த அம்மாவை உள்ளே இருத்து, இவரும் நாலு மணிக்குத் தம்பியோடு போகட்டும் என்றார். அக்காவுக்கு விளங்கவில்லை என்றில்லை. ஆனால் அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. கிளெமென்றைத்தான் பார்த்தார், இன்னும் நம்பிக்கையோடு, படித்த பிள்ளை ஏதாவது சொல்லும் என்று. அந்தப் பார்வைதான் அவனைக் கிழித்தது. தைரியம் வந்து சொன்னான் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆத்திரம்தான் வந்தது. காலையிலிருந்து அடக்கியது, வருடக்கணக்காக ஒவ்வொரு சாவடியிலும் விழுங்கியது, தன்மேல் தானே கொண்டது, எல்லாம் ஒரே வாயால் வந்தது.

"நான் செய்தது!" என்று கத்தினான். "இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது! நான்தான் திகதியைத் திருப்பினேன். ஒரு மென்பொருளுக்குக் காசு கட்டாமல் பாவிக்க! அதற்குத்தான்! வேறு ஒரு மண்ணும் இல்லை! எழுதுங்கள், என்னைப் போடுங்கள் உள்ளே!"

வாசலில் நின்ற காவல்காரன் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். 

"காட்டு" என்றார் சப் இன்ஸ்பெக்டர் அமைதியாக.

காட்டுவதற்கு வீட்டில் ஒன்றும் இல்லை. அந்த வரியைக் காலையில் அவனே அழித்துவிட்டான். பையைத் திறந்து பிளாப்பியை எடுத்தான்.  பொலிஸ் நிலையத்தின் மூலையில், பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு கொம்பியூட்டர் இருந்தது. சப் இன்ஸ்பெக்டர் உறையை நீக்கி, பிளாப்பியைச் செருகி, அந்த வரியைத் தானே வாசித்து, தானே ஓடவிட்டார். மூலையில் மணி ஒன்றே முக்கால், மாறவே இல்லை. அதன்மேல் மவுஸை வைத்தார். சனிக்கிழமை, மார்ச் 11. பொலிஸ் நிலையத்திலும் மார்ச் 11.

அவர் சிரித்தார். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து, கெட்ட எண்ணமேயில்லாத சிரிப்பு.

"சேர், இது எல்லாரும் செய்கிற வேலை! என் மச்சானும் ஒரு விளையாட்டுக்கு இப்படித்தான், ஒவ்வொரு நாளும் கையால் மாற்றுவான். மல்லி, இது நல்ல யோசனை, தானாகவே மாறுகிறதே!" என்றார், சிங்களத்தில் தம்பி என்று உறவு கொண்டாடி.

இன்ஸ்பெக்டருக்கு விளங்க இன்னும் கால் மணித்தியாலம் எடுத்தது. விளங்கியதும் அவரும் கொஞ்சம் சிரித்தார். கிளெமென்றுக்கு அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. ஒரு மனிதனை இரண்டு நாள் அடைத்துவைக்கப் போதுமாயிருந்த திகதி, இப்போது மச்சானின் விளையாட்டாகிவிட்டது. எல்லாவற்றையும் சிங்களத்தில் மூன்று பக்கம் எழுதினார்கள். பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் கையெழுத்து வைத்தான். அடையாள அட்டையைப் பிரதி எடுத்தார்கள். கூப்பிட்ட நேரம் வர வேண்டும் என்றார்கள். பிளாப்பியை சப் இன்ஸ்பெக்டர் திருப்பிக் கொடுக்கவில்லை, மச்சானுக்குக் காட்ட வேண்டுமாம்.

மூன்றரை மணிக்கு வரதராசாவை விட்டார்கள்.

அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். அந்த உயரத்தை வயிற்றுப் பக்கமாக மடித்துக்கொண்டு நடந்தார். வலது கைவிரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. வெளியேறும் புத்தகத்தில் கையெழுத்துப் போட முடியாமல் இடது பெருவிரலை அழுத்தினார். அக்கா அந்தக் கையைப் பார்த்தார். வாசலைத் தாண்டி, வீதியோரம் மர நிழலுக்கு அவரை நடத்திக்கொண்டு வந்தார்.

"இது ஆர், அக்கா?" என்று கேட்டார் வரதராசா.

"கொம்பியூட்டர் திருத்திறவர்."

வரதராசா வீங்கிய கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "பெரிய உதவி தம்பி. இந்தக் காலத்தில சொந்தக்காரரே உந்தப் படியேறமாட்டினம். எனக்காக வந்தனீங்களே."

கிளெமென்ற் அக்காவைப் பார்த்தான். அக்கா முகத்தைத் திருப்பவில்லை.

"பற்றறி எண்டு சொல்லேக்க உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். காலைவரை 'நீர்' என்றவர், இப்போது 'நீ'.

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு என்னை அவங்களுக்கு முன்னால நிக்க விட்டனீ."

"ஓம்."

"அப்ப அவனுக்குச் சொல்லு. என்னட்டச் சொல்லாதை. அவன்ர முகத்தைப் பாத்துச் சொல்லு."

சொன்னான். மென்பொருள், முப்பது நாள், அந்த ஒரு வரி, எல்லாம். வரதராசா வீதியில் போகிற பஸ்களைப் பார்த்தபடி கேட்டார். அடிப்பார், ஏசுவார் என்று கிளெமென்ற் காத்து நின்றான். அடித்தால் ஆறுதலாயிருக்கும் என்றும் நினைத்தான்.

"அந்தத் திகதியில ஒண்டுமே இல்லையோ?" என்று கேட்டார் வரதராசா. "சும்மா போட்டதோ?"

"சும்மா போட்டது, அண்ணை."

வரதராசாவுக்கு நிற்க முடியவில்லை. அப்படியே மதிலோரம் குந்தினார். "ரெண்டு நாளும் என்னட்ட அதைத்தானே கேட்டவங்கள். மார்ச் பதினொண்டு எங்க நிண்டனீ, ஆரோட நிண்டனீ, ஆர் உன்னை அனுப்பத் தீர்மானிச்சது? எனக்கென்ன தெரியும்? அண்டைக்கு என்ன நடந்ததெண்டு ஆருக்கு ஞாபகம் இருக்கும்? தெரியாதெண்டு சொல்லச் சொல்ல அடிச்சாங்கள். கடைசியா, அது சனிக்கிழமையெண்டு அவங்களே சொன்னாங்கள். சனிக்கிழமையெண்டா சங்கத்தில கூட்டம் வைக்கிறனாங்கள். அது நினைவு வந்துது. கூட்டத்துக்கு வந்த ஆக்களின்ர பேரைச் சொல்லிப்போட்டன்."

அக்காவின் கை வாய்க்குப் போனது. "எத்தினை பேர்?"

"நாலு. ரெண்டு பேர் ஊரில. ரெண்டு பேர் இப்ப கொழும்பில, ஒருத்தர் கொட்டாஞ்சேனையில, மற்றவர் இஞ்ச கிட்டத்தான். விலாசம் கேட்டாங்கள். அதையும் சொன்னனான்." அவர் அழவில்லை. கணக்கு ஒப்புவிக்கிற மனேச்சரின் குரலில் சொன்னார். "நல்ல மனிசர், அக்கா. அரிசிப் பங்கீடு கதைக்க வந்ததுகள்."

உள்ளே எழுதிய மூன்று பக்கத்தில் அந்த நாலு பேர் இல்லை. அவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. திகதி பொய்யென்று இங்கே சிரித்து முடிந்துவிட்டது. அந்தத் திகதியில் பிடித்த பேர்கள் வேறொரு பைலில் உண்மையாகவே கிடந்தன.

"பேரைச் சொல்லுங்கோ" என்றான் கிளெமென்ற். கடிதத்தின் போட்டோக்கொப்பியை மதிலில் வைத்து, அதன் பின்பக்கத்தில் எழுதினான். நாலு பேர், நாலு தகப்பன் பேர், இரண்டு விலாசம். ஒவ்வொன்றையும் திருப்பி வாசித்துச் சரிபார்த்தான்.

"இப்பதானே உன்னை விட்டவங்கள்" என்றார் அக்கா. "திரும்பிப் போனா விடுவாங்களோ தெரியாது." கோபம் தீரவில்லை, ஆனாலும் சொன்னார்.

"தெரியேல்லை அக்கா. அவரை வைத்தியரிட்டக் கொண்டுபோங்கோ."

படியில் நின்ற காவல்காரனுக்கு அவனை அடையாளம் தெரிந்தது. துவக்கைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, என்ன மல்லி, உள்ளே எதையாவது மறந்துவிட்டுப் போய்விட்டாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

"ஓம்" என்றான் கிளெமென்ற், தமிழிலேயே. பிறகு அவனுக்கு விளங்கும்படி சிங்களத்தில் சொன்னான்: "நாலு பேரை."

சொல்லிவிட்டு, கேட்க முதலே அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.